சிங்கப்பூரில் பஸ்ஸும் ரயிலும்: டிப்ளமோ மாணவருக்கு ஒரு பாடம்



நம் குறிஞ்சிப்பாடி, வடலூர், நெய்வேலி வட்டாரத்தில் டிப்ளமோ முடிக்கப் போகிறவர்கள் நாலு பேர் கூடினால், "அடுத்து என்னப்பா?" என்ற கேள்விக்கு யாராவது ஒருவர் "சிங்கப்பூர்" என்று பதில் சொல்லாமல் இருக்க மாட்டார். பாஸ்போர்ட் எப்படி எடுப்பது, விசாவுக்கு எங்கே போவது, எந்தக் கோர்ஸுக்கு மவுசு அதிகம் என்றெல்லாம் சொல்லித் தர ஊரில் ஆள் உண்டு. ஆனால், அங்கே போய் இறங்கிய மறுநாள் காலையில் தங்கும் அறையிலிருந்து வகுப்புக்கு எந்த வண்டியில் போவது என்று சொல்லித் தர ஆள் கிடையாது. "அங்க போனா தானா தெரிஞ்சிடும்" என்பார்கள்.

தானாகத் தெரியாது, நண்பர்களே. படித்தால் தெரியும். பெரிய நகரத்தின் பஸ்ஸும் ரயிலும் ஒரு இயந்திரம் மாதிரி. அதற்கு ஒரு வேலை செய்யும் தத்துவம் இருக்கிறது. அந்தத் தத்துவத்தைப் புரிந்துகொண்டவன் எந்த ஊரிலும் தொலைய மாட்டான். நானும் உங்களைப் போல ஒரு டிப்ளமோக்காரன்தான், மெக்கானிகல். மேற்படிப்புக்காகச் சிங்கப்பூரில் இருந்தபோது தினமும் பஸ்ஸிலும் ரயிலிலும் போய்வந்து கற்றுக்கொண்டதை இங்கே ஒரு பாடமாகவே எழுதுகிறேன்.

இந்தப் பாடம் எதற்கு?

முதலில் காசு விஷயம். எங்கள் வீடு தறி வீடு. அப்பா கைலி நெய்கிறவர். நான் தங்கியிருந்த பூன் லேயிலிருந்து நகரின் நடுப்பகுதிக்கு ஒருமுறை டாக்ஸியில் போனால் ஆகும் செலவு, அப்பாவின் பல நாள் கூலி. அதே தூரத்தை பஸ்ஸும் ரயிலுமாகப் போனால் அதில் ஒரு சிறு பங்குதான். கடன் வாங்கிப் படிக்கப் போனவனுக்கு இந்த வித்தியாசம் சாதாரணமானதா?

இரண்டாவது விஷயம் காசைவிடப் பெரியது. என்னோடு ஒரே அறையில் தங்கியிருந்த இரண்டு தம்பிகள், வகுப்புக்கும் சாப்பாட்டுக் கடைக்கும் தவிர வேறெங்கும் போக மாட்டார்கள். யாராவது அழைத்துப் போனால் போவார்கள், இல்லாவிட்டால் அறைதான். நூலகம் இருக்கிறது, தொழில்நுட்பக் கண்காட்சி நடக்கிறது, ஒரு கம்பெனியில் இன்டர்வியூ இருக்கிறது, எல்லாம் தெரியும். ஆனால் "வழி தெரியாதேண்ணே" என்ற ஒரே வார்த்தையில் எல்லாம் முடிந்துவிடும். அத்தனை பணம் கட்டிப் போய், அந்த ஊரில் நாலு தெருவை மட்டும் பார்த்துவிட்டு வருவதா? பெண் பிள்ளைகளுக்கு இந்தப் பாடம் இன்னும் முக்கியம். "கூட யாராவது வர்றீங்களா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்டுக்கொண்டிராமல், தன் வேலைக்குத் தானே போய்வருவது ஒரு சுதந்திரம் இல்லையா?

சர்க்யூட் படிக்கத் தெரிந்தால் போதும்

ரயில் நிலையச் சுவரில் பல வண்ணக் கோடுகள் போட்ட ஒரு படம் இருக்கும். முதல் பார்வையில் தலை சுற்றும். ஆனால் அந்தப் படத்தைக் கண்டு மற்றவர்களைவிட நாம்தான் குறைவாகப் பயப்பட வேண்டும். ஏன் தெரியுமா? அந்த வகைப் படத்துக்கு வழி காட்டியவர் நம் இனத்துக்காரர், ஒரு டிராஃப்ட்ஸ்மேன்!

லண்டன் நகரத்தில் பூமிக்கு அடியில் ரயில் ஓடத் தொடங்கியது 1863-ல். பாதைகள் பெருகப் பெருக, உள்ளபடியே வளைவு நெளிவோடு வரைந்த படம் ஒருவருக்கும் புரியாமல் போயிற்று. அங்கே சிக்னல் பிரிவில் டிராயிங் வேலை பார்த்த ஹாரி பெக் என்பவர் 1931-ல் ஒரு புதுப் படம் வரைந்தார். கிடைக்கோடு, செங்குத்துக் கோடு, 45 டிகிரிச் சாய்வுக் கோடு, இவ்வளவுதான். உண்மையான தூரத்தையும் வளைவையும் அவர் கண்டுகொள்ளவே இல்லை. முதலில் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிய நிர்வாகம், 1933-ல் அதை அச்சிட்டது. இன்று உலகத்தின் பெரிய நகரங்கள் பலவும் அந்த முறையில்தான் ரயில் படம் போடுகின்றன. சிங்கப்பூரும் அப்படித்தான்.

பார்ப்பதற்கு அது அப்படியே எலக்ட்ரிகல் சர்க்யூட் டயகிராம். சர்க்யூட்டில் ரெசிஸ்டருக்கும் கெப்பாசிட்டருக்கும் நடுவே எத்தனை சென்டிமீட்டர் கம்பி என்று நாம் கேட்பதுண்டா? எது எதோடு சேர்ந்திருக்கிறது என்பதுதானே கேள்வி. ரயில் படமும் அதே கதைதான். இணைப்பை மட்டும் சொல்லும், தூரத்தைச் சொல்லாது.

இதை மறந்தால் வீண் செலவு. லண்டனில் லெஸ்டர் ஸ்கொயர், கோவென்ட் கார்டன் என்று அடுத்தடுத்து இரண்டு நிலையங்கள். படத்தில் மற்ற நிலையங்களைப் போலவே இடைவெளி விட்டிருக்கும். தரையில் அளந்தால் சுமார் 260 மீட்டர்! படியிறங்கி, ரயிலுக்குக் காத்திருந்து, மறுபடி மேலே ஏறி வருவதற்குள் நடந்தே போய்விடலாம். ஆகவே இணைப்புக்கு ரயில் படம், தூரத்துக்குத் தெருப் படம். இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பாவும் ஊடையும்

சிங்கப்பூர் ரயிலுக்கு அங்குள்ள தமிழர்கள் வைத்திருக்கும் பெயர் பெருவிரைவு ரயில். 1987 நவம்பர் 7-ஆம் தேதி, இயோ சூ காங் முதல் தோ பாயோ வரை ஐந்தே நிலையங்களோடு ஓடத் தொடங்கியது. இன்று அதில் ஆறு தடங்கள்: வடக்கு-தெற்குத் தடம் சிவப்பு, கிழக்கு-மேற்குத் தடம் பச்சை, வடகிழக்குத் தடம் ஊதா, வட்டத் தடம் ஆரஞ்சு, டௌன்டௌன் தடம் நீலம், தாம்சன்-ஈஸ்ட் கோஸ்ட் தடம் பழுப்பு.

ஆறையும் ஒரே நாளில் மனப்பாடம் செய்யாதீர்கள். நம் ஊரில் தறி பார்க்காதவர் யார்? நீளவாக்கில் பாவு, குறுக்கே ஊடை. இந்த இரண்டும் சேர்ந்தால்தான் துணி. சிங்கப்பூருக்கு முதலில் போட்ட சிவப்புத் தடம் பாவு. பச்சைத் தடம் ஊடை. இரண்டும் எங்கே சந்திக்கின்றன என்று மட்டும் முதல் வாரத்தில் மனதில் வையுங்கள். மேற்கே ஜூரோங் ஈஸ்ட். நகரின் நடுவே ராஃபிள்ஸ் பிளேஸ், சிட்டி ஹால். மூன்றே மூன்று முடிச்சு. மற்ற நான்கு தடங்களும் இந்தத் துணிமேல் பிறகு போட்ட கரையும் கட்டமும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எலக்ட்ரிகல் நண்பர்களுக்கு ஒரு துணுக்கு: சிவப்பு, பச்சைத் தடங்களில் ரயிலுக்கு மேலே கம்பி இருக்காது. தண்டவாளத்துக்குப் பக்கத்தில் ஓடும் மூன்றாவது தண்டவாளத்தில் 750 வோல்ட் டி.சி. வருகிறது. 2003 ஜூன் மாதம் திறந்த ஊதாத் தடத்தில் மட்டும் மேலே 1500 வோல்ட் டி.சி. கம்பி. அந்த ரயிலை ஓட்டுவதற்கு டிரைவரே கிடையாது!

எண்ணைப் பிடித்தால் திசை கிடைக்கும்

பெரிய ஊரில் புதியவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் ஒரே விஷயத்தில்தான்: சரியான தடத்தில், தப்பான திசையில் ஏறிவிடுவது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ரயில் வந்து நிற்கும். எதில் ஏறுவது?

இதற்கு இரண்டு சூத்திரங்கள்.

முதல் சூத்திரம், கடைசி நிலையத்தின் பெயர். கடலூர்–விருத்தாசலம் பாதையில் நம் குறிஞ்சிப்பாடி ஸ்டேஷனில் நிற்கிறோம். "கடலூர் போற வண்டியா, விருத்தாசலம் போற வண்டியா?" என்றுதானே கேட்போம்? அதேதான். பச்சைத் தடத்தின் கிழக்குக் கோடி பாசிர் ரிஸ், மேற்குக் கோடி துவாஸ் லிங்க். மேடைப் பலகையில் இந்த இரண்டில் ஒன்றுதான் போட்டிருக்கும். நீங்கள் போக வேண்டிய நிலையம் எந்தக் கோடியின் பக்கம் இருக்கிறது என்று மட்டும் பாருங்கள்.

இரண்டாவது சூத்திரம், நிலைய எண். ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு குறியீடு உண்டு. பச்சைத் தடத்துக்கு ஈ.டபிள்யூ., சிவப்புக்கு என்.எஸ்., ஊதாவுக்கு என்.ஈ. அதோடு ஒரு எண். பாசிர் ரிஸ் ஈ.டபிள்யூ. 1, துவாஸ் லிங்க் ஈ.டபிள்யூ. 33. அப்படியானால் எண் ஏறினால் மேற்கு, இறங்கினால் கிழக்கு. நான் தங்கிய பூன் லே 27. சிங்கப்பூர் பாலிடெக்னிக்கை ஒட்டியிருக்கும் டோவர் நிலையம் 22. கழித்துப் பாருங்கள்: ஐந்தாவது நிறுத்தம், கிழக்குத் திசை. பெயர் வாயில் நுழையாவிட்டாலும் கணக்குத் தப்பாது.

ரயில் ஏறியதும் அடுத்த நிலையத்தின் எண்ணைப் பாருங்கள். ஒன்று குறைய வேண்டிய இடத்தில் ஒன்று கூடியிருந்தால், உடனே இறங்கி எதிர்த் திசை ரயிலில் ஏறிக்கொள்ளலாம். போவது ஐந்து நிமிடம்தான். கோடி வரை போய்விட்டுத் திரும்புவதுதான் ஆபத்து.

மாறும் இடம்

நெய்வேலிக்காரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதே இல்லை. சுரங்கத்தில் பக்கெட் வீல் எக்ஸ்கவேட்டர் வெட்டிப் போடும் நிலக்கரி, ஒரே கன்வேயரில் அனல் மின் நிலையம் வரை போகிறதா? ஒரு கன்வேயரிலிருந்து இன்னொரு கன்வேயருக்கு விழுகிறது. அந்த இடத்துக்கு டிரான்ஸ்ஃபர் பாயிண்ட் என்று பெயர். ரயிலில் அதற்கு இன்டர்சேஞ்ச் என்று பெயர். அங்கே நிலக்கரி, இங்கே நாம்!

ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். பூன் லேயிலிருந்து தமிழர் கடைகள் நிறைந்த லிட்டில் இந்தியா போக வேண்டும். லிட்டில் இந்தியா ஊதாத் தடத்தில் என்.ஈ. 7. பச்சையும் ஊதாவும் சந்திக்கும் இடம் ஊட்ரம் பார்க்; பச்சையில் அதன் எண் 16, ஊதாவில் 3. ஆகவே 27-லிருந்து 16 வரை 11 நிறுத்தம். அங்கே இறங்கி ஊதாவுக்கு மாறி, 3-லிருந்து 7 வரை 4 நிறுத்தம். மொத்தம் 15. எழுதி வைத்துக்கொண்டு கிளம்பினால், வழியில் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

எல்லா மாறும் இடமும் ஒரே மாதிரி இருக்காது. ராஃபிள்ஸ் பிளேஸ், சிட்டி ஹால் இரண்டிலும் சிவப்பும் பச்சையும் ஒரே மேடையின் இரு பக்கமும் வந்து நிற்கும். எதிர்ப்பக்கம் நாலு எட்டு வைத்தால் அடுத்த ரயில். வேறு சில நிலையங்களில் ஒரு தடத்திலிருந்து அடுத்த தடத்துக்கு நீண்ட நடை நடக்க வேண்டியிருக்கும். அதனால் நிறுத்தம் குறைவாக இருக்கும் வழிதான் சீக்கிரம் போய்ச் சேரும் வழி என்று நினைத்துவிடாதீர்கள். நடக்கும் நேரத்தையும் கணக்கில் சேருங்கள்.

வெளியே வரும்போது வாசல் எண்ணைப் பார்ப்பதும் முக்கியம். ஒரு நிலையத்துக்குப் பல வாசல்கள் உண்டு. தப்பான வாசலில் ஏறினால் பெரிய சாலையின் அந்தப் பக்கம் போய் நிற்பீர்கள். போகும் இடத்தின் விலாசத்தோடு வாசல் எண்ணையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

விலாசம் என்றதும் இன்னொன்று. நெய்வேலி டவுன்ஷிப்பில் வீட்டு விலாசம் பிளாக் எண்ணில்தானே தொடங்குகிறது? சிங்கப்பூரின் அரசுக் குடியிருப்புகளும் அப்படித்தான். அவற்றை அங்குள்ள தமிழர்கள் வீவக வீடுகள் என்பார்கள்; வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் சுருக்கம். பிளாக் எண், தெரு, மாடி எண், வீட்டு எண் என்ற வரிசையில் விலாசம் இருக்கும். நெய்வேலிப் பிள்ளைக்கு அது ஒன்றும் புதிதில்லை.

கண்டக்டர் இல்லாத பஸ்

ரயில் உடம்பின் பெரிய ரத்தக்குழாய் என்றால் பஸ் சின்னக் குழாய். வீட்டு வாசல் வரை வருவது அதுதான். நம் ஊர்ப் பஸ்ஸில் "வடலூர், வடலூர், ஏறு ஏறு" என்று கண்டக்டர் கூப்பிடுவார். அங்கே கூப்பிட ஆள் கிடையாது. நிறுத்தத்தில் நாம்தான் கையை நீட்டி பஸ்ஸை நிறுத்த வேண்டும். கையை நீட்டாவிட்டால் டிரைவர் போய்க்கொண்டே இருப்பார். முன்வாசலில் ஏறி அட்டையைக் கருவியில் தட்ட வேண்டும். இறங்கும் நிறுத்தத்துக்கு முன்பே மணிப் பொத்தானை அழுத்தி, பின்வாசலில் இறங்கும்போது மறுபடியும் தட்ட வேண்டும்.

இந்த இரண்டாவது தட்டலை மறக்கவே கூடாது. தட்டாமல் இறங்கினால், பஸ் போகும் கடைசி நிறுத்தம் வரை நீங்கள் பயணம் செய்ததாகக் கட்டணம் பிடித்துவிடும். காசு கொடுத்தும் ஏறலாம். ஆனால் மீதிச் சில்லறை வராது.

ஒவ்வொரு பஸ் நிறுத்தத்துக்கும் ஐந்து இலக்க எண் உண்டு, கம்பத்தில் எழுதியிருக்கும். பெயரை மட்டும் நம்பினால் குழப்பம் வரும். சாலையின் இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே பெயரில் நிறுத்தம் இருக்கும். ஒன்றில் மட்டும் "எதிரே" என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் சுருக்கம் சேர்ந்திருக்கும். அந்தச் சின்னச் சுருக்கத்தைக் கவனிக்காவிட்டால் ஊரின் மறுகோடிக்குப் போய்விடுவீர்கள். ஐந்து இலக்க எண் தப்பவே தப்பாது.

கட்டணக் கணக்கு

குறிஞ்சிப்பாடியில் ஒரு பஸ் ஏறி, வடலூரில் இறங்கி, அங்கிருந்து நெய்வேலிக்கு வேறு பஸ் பிடித்தால் இரண்டு டிக்கெட், இரண்டு தடவை குறைந்தபட்சக் கட்டணம். வண்டி மாறினாலே நமக்கு நஷ்டம்.

சிங்கப்பூரில் 2010 ஜூலை முதல் கணக்கு வேறு. மொத்தப் பயணத்தின் தூரத்துக்குத்தான் கட்டணம். எத்தனை வண்டி மாறினீர்கள் என்பதற்கு அல்ல. பஸ்ஸில் 3 கிலோமீட்டர், ரயிலில் 10 கிலோமீட்டர் போனால் 13 கிலோமீட்டருக்கான ஒரே கட்டணம். சில நிபந்தனைகள் உண்டு: ஒரு வண்டியிலிருந்து இறங்கித் தட்டிய 45 நிமிடத்துக்குள் அடுத்த பஸ்ஸிலோ ரயிலிலோ ஏறிவிட வேண்டும், ஒரு பயணத்தில் ஐந்து தடவை வரை மாறலாம், எல்லாம் இரண்டு மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும். ஆகவே வழியில் இறங்கி அரட்டை அடித்தால் காசு போகும். நேராகப் போனால் மிச்சம்.

அட்டை பற்றியும் சொல்லிவிடுகிறேன். தட்டும் அட்டை அங்கே 2002-ல் வந்தது. 2019 முதல் வங்கி அட்டையையும் நேராகத் தட்டலாம். ஆனால் நம் ஊர் வங்கி அட்டையைத் தட்டினால் கூடுதல் கட்டணம் விழும். போன முதல் நாளே பயண அட்டை ஒன்று வாங்கிவிடுவது நல்லது.

கூட்ட நேரத்தைத் தவிர்ப்பதும் ஒரு சிக்கனம்தான். பவர் ஹவுஸில் பீக் லோடு என்கிறோமே, அதே தலைவலி ரயிலுக்கும் உண்டு. காலைக் கூட்டத்தைப் பிரித்துவிட 2013 ஜூனில் ஒரு ஏற்பாடு செய்தார்கள்: வேலை நாட்களில் காலை 7.45-க்குள் நகர மையத்தின் 16 நிலையங்களில் வெளியேறுவோருக்கு ரயில் இலவசம். 2017 முடிவில் இலவசம் நின்று, முன்கூட்டிப் போவோருக்குத் தள்ளுபடி என்று மாறியது. சீக்கிரம் எழுந்தவனுக்கு உட்கார இடமும் கிடைக்கும், காசும் மிச்சமாகும்.

டிப்ளமோ மாணவர்கள் கேட்டுப் பெற்ற சலுகை

மாணவர் பேரவை மலர் என்பதால் இதை அவசியம் எழுத வேண்டும். சிங்கப்பூரில் அரசின் ஆதரவோடு நடக்கும் பாலிடெக்னிக்குகள் ஐந்து. முதலாவதான சிங்கப்பூர் பாலிடெக்னிக் 1954-ல் தொடங்கியது. அங்கேயும் ஒரு காலத்தில் டிப்ளமோ மாணவருக்கு ஓரவஞ்சனைதான். அதே வயதில் ஜூனியர் காலேஜில் படிப்பவருக்குக் குறைந்த மாணவர் கட்டணம். பாலிடெக்னிக்கில் படிப்பவருக்கு அது கிடையாது. "நாங்களும் மாணவர்கள்தானே? வயதும் ஒன்றுதானே?" என்று பல ஆண்டுகள் கேட்டார்கள். நாடாளுமன்றம் வரை பேச்சு போயிற்று. கடைசியில் 2014 ஏப்ரல் முதல், அரசு நிதி பெறும் நிலையங்களில் படிக்கும் டிப்ளமோ மாணவர்களுக்கும் அதே மாணவர் கட்டணம் வந்தது.

நாம் இதில் கற்க வேண்டியது இரண்டு. ஒன்று, நியாயமானதை ஒன்றாகச் சேர்ந்து, விடாமல் கேட்டால் கிடைக்கும். இரண்டு, அந்தச் சலுகை எல்லா நிலையங்களுக்கும் பொருந்தாது. நான் படித்த இடத்துக்குப் பொருந்தவில்லை. முழுக் கட்டணம்தான் கொடுத்தேன். ஆகவே வெளிநாட்டில் எந்தக் கல்வி நிலையத்தில் சேர்வதானாலும், "உங்கள் மாணவருக்குப் பயணச் சலுகை உண்டா?" என்று சேரும் முன்பே எழுதிக் கேளுங்கள். ஏஜென்ட் சொல்லும் செலவுக் கணக்கில் இந்த வரி பெரும்பாலும் இருக்காது. மாதாமாதம் கையிலிருந்து போவது நம் பணம்.

ரயில் நின்ற வாரம்

எந்த இயந்திரமும் ஒரு நாள் பழுதாகும். 2024 செப்டம்பர் 25, புதன்கிழமை காலை, பச்சைத் தடத்தில் ஓடிய பழைய ரயில் ஒன்றின் ஆக்சில் பாக்ஸ் கழன்று விழுந்தது. ஒரு போகி தடம் புரண்டது. அதை அறியாமல் ரயில் நகர்ந்ததில் நீண்ட தூரத்துக்குத் தண்டவாளம் சேதமாகிவிட்டது. உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் ஜூரோங் ஈஸ்ட் முதல் புவன விஸ்தா வரை ரயில் மீண்டும் ஓட அக்டோபர் 1 ஆயிற்று.

எனக்கு மறுநாள், வியாழக்கிழமை, தேர்வு. வகுப்பு டோபி காட் பக்கம். வழக்கமாகப் பச்சைத் தடத்தில் போய் ராஃபிள்ஸ் பிளேஸில் சிவப்புக்கு மாறுவேன். அந்த வழி நடுவில் அறுந்துவிட்டது. இலவச இணைப்பு பஸ்கள் விட்டார்கள். அவற்றுக்கு நின்ற வரிசை முடிவே தெரியாமல் நீண்டது. அறையில் இருந்த தம்பிகள் இருவருக்கும் அதே தேர்வு. "போச்சுண்ணே, அரியர்தான்" என்று உட்கார்ந்துவிட்டார்கள்.

படத்தை எடுத்து விரித்தேன். டோபி காட்டின் எண் என்.எஸ். 24. சிவப்புத் தடத்தின் முதல் நிலையம், என்.எஸ். 1, எது? ஜூரோங் ஈஸ்ட்! அங்கிருந்து சிவப்பு ரயில் வடக்கே உட்லண்ட்ஸ் வரை ஏறி, தீவைச் சுற்றிக்கொண்டு தெற்கே இறங்கி டோபி காட் வருகிறது. சுமார் அரை மணியில் முடியும் தூரத்துக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆகும். ஆனால் வழி முழுக்க இருக்கிறது. நடுவில் மாற வேண்டியதும் இல்லை. விடியற்காலையிலேயே மூவரும் கிளம்பினோம். ஜூரோங் ஈஸ்ட் வரை பஸ். அங்கிருந்து சிவப்பு ரயில். தேர்வு தொடங்க இருபது நிமிடம் இருக்கும்போது வாசலில் நின்றோம்.

எங்களைக் காப்பாற்றியது புத்திசாலித்தனம் இல்லை, நண்பர்களே. இரண்டு எண்களைத் தெரிந்து வைத்திருந்ததுதான். அந்த வாரத்துக்குப் பிறகு தம்பிகள் இருவரும் தாங்களாகவே ஊர் சுற்றத் தொடங்கினார்கள். ஒருவன் எனக்கே தெரியாத பஸ் வழிகளைச் சொல்லித் தரும் அளவுக்கு வந்துவிட்டான்.

ஆகவே தினமும் போகிற வழிக்கு ஒரு மாற்று வழி எப்போதும் கைவசம் இருக்கட்டும். தேர்வு, இன்டர்வியூ என்றால் முந்தின ஞாயிற்றுக்கிழமை ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

சில நடைமுறைகள்

1. ரயிலிலும் நிலையத்திலும் தின்னக் கூடாது, குடிக்கக் கூடாது. தண்ணீர்கூட. 500 வெள்ளி வரை அபராதம். முள்நாறிப் பழம் எனப்படும் டுரியானைக் கொண்டு போகவே கூடாது.

2. எஸ்கலேட்டரில் இடப்பக்கம் நில்லுங்கள். வலப்பக்கம் அவசரமாக ஏறுகிறவர்களுக்கு.

3. இறங்குகிறவர்களுக்கு வழி விட்டுப் பிறகு ஏறுங்கள். துண்டு போட்டு இடம் பிடிக்கும் வித்தை அங்கே செல்லாது!

4. நள்ளிரவை ஒட்டி ரயில் நின்றுவிடும். உங்கள் நிலையத்துக்குக் கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்று தெரிந்துகொள்ளுங்கள். கடைசி ரயில் மட்டுமல்ல, மாறும் இடத்தில் அடுத்த தடத்தின் கடைசி ரயிலும் முக்கியம்.

5. தமிழ் அங்கே நான்கு ஆட்சி மொழிகளில் ஒன்று. மேடை இடைவெளி பற்றிய எச்சரிக்கை தமிழிலும் ஒலிக்கும். அதைக் கேட்கும்போது ஒரு தெம்பு வரும். ஆனாலும் ஆங்கிலப் பெயர்களைப் படிக்கப் பழகுங்கள்.

6. வாயுள்ள பிள்ளை பிழைக்கும். தயங்காமல் கேளுங்கள். ஆனால் கேட்கும் முறை உண்டு. "லிட்டில் இந்தியா எப்படிப் போவது?" என்று கேட்டால் பெரிய கதை சொல்வார்கள், பாதி புரியாது. "ஊதாத் தடத்துக்கு எந்தப் பக்கம்?" என்று கேளுங்கள். கையைக் காட்டிவிடுவார்கள்.

முதலில் சென்னையில் பழகுங்கள்

சிங்கப்பூர் போகும் வரை காத்திருக்க வேண்டாம். நமக்குச் சென்னை இருக்கிறது. 2023 டிசம்பர் 30-ல் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்த பிறகு, நம் பக்கத்துப் பஸ்ஸில் போகிறவர்கள் இறங்கும் இடமே நகரின் விளிம்புக்குப் போய்விட்டது. அங்கிருந்து மாநகரப் பஸ், தாம்பரம்–கடற்கரை மின்சார ரயில், மெட்ரோ ரயில் என்று மூன்றையும் இணைத்துத்தான் நகருக்குள் போக வேண்டும். இதைவிடப் பயிற்சிக் களம் கிடைக்குமா? அடுத்த முறை போகும்போது ஆட்டோக்காரரிடம் பேரம் பேசும் முன், கீழே உள்ளதைச் செய்து பாருங்கள்.

பயிற்சி வினாக்கள்

அ. சென்னை மெட்ரோவின் நீலத் தடமும் பச்சைத் தடமும் சந்திக்கும் நிலையங்கள் எவை? விமான நிலையத்திலிருந்து வடபழனி போக எங்கே மாற வேண்டும்?

ஆ. சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்திலிருந்து கிளை ரயில் தானா மேரா நிலையத்துக்கு வருகிறது. அதன் எண் ஈ.டபிள்யூ. 4. அங்கிருந்து டோவர் எத்தனையாவது நிறுத்தம்? மேடைப் பலகையில் எந்த நிலையத்தின் பெயரைப் பார்த்து ஏற வேண்டும்?

இ. உங்கள் வீட்டிலிருந்து கல்லூரிக்கு வரும் வழியை, தூரம் பார்க்காமல், கிடைக்கோடு, செங்குத்துக் கோடு, 45 டிகிரிக் கோடு மட்டும் கொண்டு வரைக. மாறும் இடங்களை வட்டமிடுக. வழக்கமான பஸ் வராத நாளுக்கு ஒரு மாற்று வழியையும் குறிக்க.

மூன்றாவது வினாவை மட்டும் எல்லோரும் இன்றே செய்யுங்கள். ஒரு தாளும் ஒரு பென்சிலும் போதும். நம் ஊரை அப்படி வரையத் தெரிந்தவருக்கு எந்த ஊரின் படமும் புரியும். நாளை உங்களில் யாராவது சிங்கப்பூரிலோ, லண்டனிலோ, வேறு எந்தச் சீமையிலோ கையில் ஒரு பெட்டியோடு இறங்கும்போது, யாருக்காகவும் காத்திராமல் உங்கள் வகுப்புக்கு நீங்களே, நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதே என் ஆசை.

வாழ்த்துகளுடன்,
முன்னாள் மாணவன், இயந்திரவியல் பிரிவு